அம்மா வந்த ராசி

ஜனவரி 12

டாக்டரம்மாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே நாம் இருவரும் கத்தத் தொடங்கிவிடுகிறோம், அதனால் இனிமேல் எழுதித்தான் பேச வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள். சித்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே நம்மை மேய்க்கிறாள். "எழுதினா கை வலிக்கும், கோபம் தன்னால இறங்கிடும்" என்றாள். கை வலிக்கிறது. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

முதலில் விஷயம். நீ இந்த வேலையை விட்டுப் போனதிலிருந்து, ரத்தத்தில் புற்றுநோய் தேடும் நம் பெட்டி ஒளிரவில்லை. நீ இருந்தபோது நோயாளியின் ரத்தத்தில் ஒரு துளியைத் தட்டில் வைத்து ஊதா வெளிச்சம் பாய்ச்சினால் போதும், உன் சாயம் ஒட்டிய புற்றுச் செல்கள் நீலப் புள்ளிகளாக மின்னும், பெட்டி அவற்றை எண்ணி அறுபது, எழுபது என்று சொல்லும். இப்போதும் அதே நோயாளிகளின் ரத்தம், அதே சாயம். வருவது பூஜ்யம். சில சமயம் ஒன்று. அந்த ஒன்றைப் பார்த்து நிர்வாகி கைதட்டாத குறை.

"உங்க தங்கச்சி இருந்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தது, நீங்க எதையாவது திருகிட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "வெளிச்சம் என் பொறுப்பு, அது சரியாத்தான் இருக்கு, செல்லுலதான் கோளாறு" என்று சொல்லிவிட்டேன். அது உன் காதுக்கு எட்டி, நீ போனில் என்னைக் காய்ச்சி எடுத்ததுதான் மீதிக் கதை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கேமராவுக்கு லென்ஸ் வடிவமைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். பிறகு நிலம் அளக்கிற கருவிக்குப் போனேன், அதிலும் குறையில்லை. நாம் பார்க்கிற மலை எங்கேயும் ஓடிப்போகாது. நீதான் "இனிமே உயிரியல்லதான் கண்ணாடிக்காரங்களுக்குக் காலம்" என்று பிடித்து இழுத்து வந்தாய். இங்கே உன் ஆட்கள் என்னை பல்பு மாற்ற வந்தவனைப் போலப் பார்க்கிறார்கள். என் பழைய நண்பர்களோ நான் ஏதோ ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பதாக நினைத்து உடம்பு தேவலையா என்று விசாரிக்கிறார்கள். கேமரா கம்பெனி திரும்பவும் கூப்பிடுகிறது, பிப்ரவரி முடிவதற்குள் பதில் வேண்டுமாம். போகட்டுமா, இருக்கட்டுமா?

உன் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி ரத்தத் துளியை நானேதான் தட்டில் வைக்கிறேன். வெள்ளைக் கோட்டைக் கம்பெனி சலவைக்குப் போட்டால் பழுப்பாகத் திரும்பி வருகிறது. அம்மா பார்த்தால் மயங்கி விழுவாள்.

கண்ணாடி அண்ணன்


ஜனவரி 24

அண்ணா,

கோபம் எனக்கும் இறங்கவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடு.

செல்லில் கோளாறு என்று கூட்டத்தில் சொன்னாயே, யாருடைய செல் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? அது என் மூன்று வருஷ ஆராய்ச்சி. அந்த நீலப் புள்ளிகளைப் பார்த்துத்தான் இந்தப் புது ஆய்வகத்தில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரம் பெரிய கூட்டத்தில் அதைப் பற்றி நான் பேச வேண்டும். நல்லபடியாக முடிந்தால் குழுவுக்கே தலைமை, இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்த நேரத்தில் கூடப் பிறந்தவனே கோளாறு என்றால் வெளியாட்கள் சும்மா விடுவார்களா?

சாயம் மாறவில்லை, ரத்தம் வரும் ஆஸ்பத்திரி மாறவில்லை. முன்னால் நான் பக்கத்தில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், இப்போது திட்ட ஆளில்லை, மாறியது அவ்வளவுதான். லென்ஸைத் துடை. விளக்கைச் சரிபார். எங்கேயோ தலைமுடி அளவு நகர்ந்திருக்கும், நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

கேமரா கம்பெனிக்குப் போகாதே. பூவையும் பூனையையும் படம் பிடிக்கிறவர்களுக்கு எதற்கு உன் மூளை? இதை நான் கோபத்தில் சொல்லவில்லை.

கம்பெனி சலவையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. கோட்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன், அம்மா தும்பைப்பூவாக்கிக் கொடுத்துவிடுவாள். இங்கே புதுக் கோட் கொடுத்திருக்கிறார்கள். விறைப்பாக, யாரோ ஒருவருடையதைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கிறது.

தங்கை


பிப்ரவரி 9

டாக்டரம்மாவுக்கு,

துடைத்தேன். கழற்றித் துடைத்தேன், மாட்டித் துடைத்தேன். விளக்கை அளந்தேன், லென்ஸ் ஒவ்வொன்றையும் அளந்தேன். தலைமுடி அளவு என்றாயே, அதில் பத்தில் ஒரு பங்குகூட எதுவும் நகரவில்லை. நீ ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் மிச்சம் இருந்ததை எடுத்து வைத்துப் பார்த்தேன். அழகாக நீலமாகத் தெரிகின்றன. ஆக வெளிச்சம் சரி, சாயமும் சரி. நோயாளி ரத்தம் வைத்தால் மட்டும் கும்மிருட்டு.

நம் இரண்டு பேர் மேலும் தப்பில்லை என்றால் தப்பு எங்கேதான் இருக்கிறது? நிர்வாகி இப்போது என்னைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டார். வழியில் பார்த்தால் பரிதாபமாகச் சிரிக்கிறார். அதற்குத் திட்டே தேவலை. கேமரா கம்பெனிக்குச் சரி என்று எழுதி, கிழித்துப் போட்டு, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.

இதற்கு நடுவில் சித்தி வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம். அம்மா அடுத்த வாரம் என்னோடு வந்து இருக்கப்போகிறாள். என் அறையைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாளோ என்ற பயம் வேறு.

கண்ணாடி


பிப்ரவரி 26

டாக்டரம்மா! டாக்டரம்மா!

பெட்டி ஒளிர்ந்துவிட்டது!

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. அம்மா வந்து இறங்கிய வாரமே முதல் தட்டில் ஐம்பத்தெட்டு! அடுத்ததில் எழுபத்திரண்டு. எல்லாம் நோயாளிகளின் ரத்தம். நான் எதையும் தொடவில்லை. அதனால் ஏன் சரியானது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. நிர்வாகி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எல்லாம் எங்க அம்மா வந்த ராசி சார்" என்றேன். "அப்படின்னா அவங்களை ஊருக்கு அனுப்பிடாதீங்க" என்றார்.

ஒளியியல் பிரிவுக்கு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். பிரிவில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், ஆனாலும் தலைவன் தலைவன்தானே! கேமரா கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டேன். மரியாதையாகத்தான் எழுதினேன், அவர்கள் இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பதும் தெரியும். ஜூன் மாதம் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

அம்மா வந்த அன்றைக்கே என் கோட்டைப் பார்த்து, "இது கோட்டாடா, கரித்துணியாடா?" என்று கேட்டுப் பிடுங்கிக்கொண்டாள். இப்போது நான் உள்ளே நுழைந்தால் கண் கூசுகிறது என்று நிரல் எழுதும் பெண் கிண்டல் பண்ணுகிறாள்.

உன்னைக் கூட்டத்தில் குறை சொன்னதற்கு மன்னித்துவிடு. செல்லிலும் கோளாறில்லை.

தலைவர் கண்ணாடி


மார்ச் 5

அண்ணா,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்தே படித்துச் சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராசியாம்! படித்தவன் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் அம்மாவுக்கு என் முத்தம் ஒன்றைக் கொடுத்துவிடு.

எனக்குத் தூக்கம் வந்து ஒரு மாதமாகிறது. ஏப்ரல் பேச்சை எழுதுகிறேன், கிழிக்கிறேன். இங்கே ஒரு மூத்தவர் விடாமல் ஒன்று கேட்கிறார். நோயாளிகளின் ரத்தத்தையெல்லாம் நான் என் கையால் தயாரித்தேன், நலமானவர்களின் ரத்தம் மட்டும் ஆஸ்பத்திரியிலேயே தட்டில் வைத்து மூடி வந்ததாமே, ஏன் என்கிறார். ஏனென்றால் நோயாளி ரத்தம் கிடைப்பது அரிது, அதை யாரிடமும் ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை. இதில் என்ன தப்பு? நலமானவர்களுடைய தட்டுகள் எல்லாமே இருட்டாகத்தான் இருந்தன.

இருந்தாலும் அவர் வாயை அடைக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லாத யாருடைய ரத்தத்தையாவது நீயே கையால் தயாரித்துப் பார். பூஜ்யம் வரும், அதை எனக்கு அனுப்பு, போதும்.

தங்கை


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ கேட்டபடி செய்தேன். அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். யாரிடம் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, "ஏன் ஊரெல்லாம் தேடுற? என் விரலைக் குத்து" என்றாள். குத்தினேன். அவளே பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

எண்பத்தொன்று.

நோயாளிகளுக்குக்கூட அவ்வளவு வந்ததில்லை. "எவ்வளவுடா?" என்று கேட்டாள். "நல்ல மார்க்" என்றேன். சந்தோஷமாக டிபன் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இளைத்துவிட்டாளோ என்று தோன்றுகிறது. எப்போதும் இப்படித்தான் இருந்தாளா? போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என்ன செய்யட்டும், சொல்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

முதலில் அம்மாவைப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. முட்டி வலிக்கு என்று சொல், நம்புவாள். எல்லாப் பரிசோதனையும் செய்யச் சொல். இன்றைக்கே.

நான் இரண்டு நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி சரி என்றால் என் ஆராய்ச்சி நிலைக்கும், எனக்குத் தலைமைப் பதவி வரும், அம்மாவுக்கு நோய். பெட்டி தப்பு என்றால் அம்மா பிழைப்பாள், என்னிடம் எதுவும் மிஞ்சாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதானே உனக்குத் தோன்றும்? எனக்கும் அப்படித்தான். ஆனால் உன் கடிதத்தைப் படித்த முதல் நொடியில், எண்பத்தொன்று என்றால் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று என் புத்தி நினைத்தது. அதற்குப் பிறகுதான் அது அம்மா என்று உறைத்தது. என்னை எனக்கே பிடிக்கவில்லை, அண்ணா.

உன் ரத்தத்தையும் வை, வெறும் தண்ணீரையும் வை. இவ்வளவு நாளும் ஒப்பிட்டுப் பார்க்க வெற்றுத் தட்டு என்று நாம் வைத்ததெல்லாம் தட்டுத் தயாரிப்பாளரே மூடி அனுப்பியவை, நம் கை பட்டதே இல்லை. பெட்டி பொய் சொல்கிறது என்று எனக்கு நிரூபித்துக் காட்டு. என் பேர் நாசமாகப் போகட்டும். நான் செய்தது முழுக்கத் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்கு எல்லாம் எடுத்தாயிற்று. முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். முட்டிக்கு எதற்குடா இவ்வளவு ரத்தம் என்று ஒரே சண்டை.

இனி பெட்டி. என் ரத்தத்துக்கு எழுபத்தேழு. பயத்தில் வியர்த்துவிட்டது, குடும்பத்துக்கே வந்துவிட்டதோ என்று. அப்புறம் தண்ணீர் வைத்தேன். அறுபத்தொன்பது. தண்ணீருக்கும் புற்றுநோய்! தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேனோ என்னவோ.

நிரல் எழுதும் பெண்ணிடம் போய், பெட்டி எண்ணுகிற படத்தை அப்படியே காட்டச் சொன்னேன். "எதுக்கு சார்? நிரல் வெளிச்சத்தைத்தான் பார்க்கும், உருவத்தைப் பார்க்காது" என்றாள். நான்தான் பார்க்க வேண்டும் என்றேன். யோசித்துப் பார், நான் லென்ஸைப் பார்த்தேன், நீ எண்ணைப் பார்த்தாய், படத்தை நாம் இரண்டு பேருமே பார்க்கவில்லை. நீ வளர்த்த செல்லை முதலில் ஒரு தடவை பார்த்தோம், உருண்டையாக இருந்தது, அதோடு விட்டுவிட்டோம். இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றுகூட உருண்டை இல்லை. எல்லாம் நீளம். சிலது சுருண்டிருக்கிறது. உடைந்த நூல்.

நூல் எங்கிருந்து வரும் என்று தட்டின் மேல் குனிந்து பார்த்தேன். என் கோட்டின் கை விளிம்பு தட்டுக்கு நேர் மேலே இருந்தது. ஊதா விளக்கைக் கையில் எடுத்து அதன்மேல் காட்டினேன். கை முழுக்க நீலமாக எரிந்தது. கம்பெனி சலவையிலிருந்து வந்த வேறொருவர் கோட்டில் காட்டினேன், இருட்டு.

அம்மாவின் சலவைத்தூள். துணி வெளுப்பாகத் தெரிய அதில் ஒரு சாயம் போடுகிறார்கள், கண்ணுக்குத் தெரியாத ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். கிட்டத்தட்ட உன் சாயத்தின் அதே நீலம். நீ இருந்தவரை அம்மா உன் கோட்டைத் துவைத்தாள், பெட்டி ஒளிர்ந்தது. நீ போனாய், அம்மா சித்தி வீட்டுக்குப் போனாள், இருண்டது. அம்மா என்னிடம் வந்தாள், ராசியும் வந்தது. நோயாளிகளின் ரத்தத்தை நீ கையால் தயாரித்ததுதான் வினை. மூடி வந்ததில் எல்லாம் நூல் விழவில்லை.

இதனால் அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது, தெரியும். முடிவு வரட்டும்.

நிர்வாகியிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பேச்சுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் உன் மேடை போய்விடும். திறக்காவிட்டால் ஜூனில் இந்தப் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போய், யாரோ ஒருவர் வீட்டில் நாம் பட்ட பாட்டைப் படுவார்கள். நீ எப்போது சொல்லச் சொல்கிறாயோ அப்போது சொல்கிறேன். எனக்கு எது சரி என்று தெரிகிறது, உன் விஷயம் என்பதால் செய்யக் கை வரவில்லை.

அண்ணன்


ஏப்ரல் 5

அண்ணா,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நிர்வாகிக்கு விஷயம் தெரிந்திருக்கும். உன்னைக் காத்திருக்க வைக்காமல் நானே அவருக்கு எழுதிவிட்டேன். உன்னைத் திட்டியிருந்தால் என் பேரில் வாங்கிக்கொள்.

கூட்டத்தில் பேசினேன். எழுதி வைத்த பேச்சை எடுத்துப் போகவில்லை. என் பழைய கோட்டை எடுத்துப் போனேன். இங்கே வந்ததிலிருந்து அதைப் போடவும் இல்லை, துவைக்கவும் இல்லை. அம்மா கடைசியாகத் துவைத்து மடித்துக் கொடுத்தது, மடிப்பைக் கலைக்க மனசில்லாமல் துணிப்பெட்டிக்குள் வைத்திருந்தேன். வீட்டு ஞாபகம் வந்தால் எடுத்து மோந்து பார்ப்பேன், சிரிக்காதே.

விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, கோட்டை விரித்து ஊதா விளக்கைக் காட்டினேன். இதுதான் என் கண்டுபிடிப்பு, என் அம்மா துவைத்தது என்றேன். சிரித்தார்கள். அந்த மூத்தவர் மட்டும் எழுந்து வந்து கையைக் குலுக்கினார், பாராட்டா ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

தலைமைப் பதவி இல்லை. வேலை இருக்கிறதா என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். போகச் சொல்கிறார்களா, இருக்கச் சொல்கிறார்களா? மேஜை அப்படியே இருக்கிறது, காலையில் வந்து அதன் முன்னால் உட்காருகிறேன்.

சான்றாக வைத்துக்கொள்ள கோட்டில் ஒரு துண்டு கேட்டார்கள். வலது கையைக் கத்தரித்துக் கொடுத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. வேலைக்காக இல்லை.

அம்மா முடிவு வந்ததும் போன் பண்ணு. சட்டத்தை மீறினாலும் பரவாயில்லை.

தங்கை


ஏப்ரல் 14

என் தங்கச்சிக்கு,

போனில் முடிவைச் சொன்னதும் நீ ஒன்றும் பேசாமல் இருந்தாய், நானும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "என்னடா, கத்தவே மாட்டேங்கிறீங்க? உடம்பு சரியில்லையா?" என்று பயந்துவிட்டாள். அதனால் மீதியை எழுதுகிறேன்.

ஒன்றுமில்லை. இரண்டாவது முறையும் பார்த்துவிட்டார்கள், ஒன்றுமே இல்லை. முட்டியில் தேய்மானம் மட்டும் உண்மையாகவே இருக்கிறதாம். சும்மா சொன்ன பொய் பலித்துவிட்டது.

நிர்வாகி ஒரு நாள் முழுக்கக் கத்தினார். மறுநாள் கூப்பிட்டு, நூலையும் செல்லையும் பிரித்துப் பார்க்கிற பெட்டி செய்ய முடியுமா என்றார். முடியும் என்றேன். அப்படியென்றால் நான் தலைவனா என்று கேட்டேன். "எதுக்குத் தலைவர்?" என்றார். சம்பளம் வருகிறது, நாற்காலி இருக்கிறது, பதவி இருக்கிறதா என்று எனக்கும் தெரியவில்லை. கேமராவும் போயிற்று. ஆனால் உன் சாயம் நல்ல சாயம்தான், ஜனவரியில் நோயாளி ரத்தத்தில் சில சமயம் ஒன்று வந்ததே, அவை உருண்டையாக இருந்தன. எடுத்துப் பார்த்துவிட்டேன். நாம் எழுபதைத் தேடிக்கொண்டு அந்த ஒன்றைக் கோட்டை விட்டோம். அங்கே "பார்க்கலாம்" என்பவர்கள் பார்த்து முடிப்பதற்குள் இங்கே வந்துவிடு. உயிரியல் தெரிந்தவர்கள் யாருமே இல்லாமல் திண்டாடுகிறேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பரிசோதனை எதற்கு என்பது உட்பட. "எனக்கு வியாதின்னு நெனச்சுக்கிட்டா இத்தனை நாளும் என் சாப்பாட்டைச் சாப்பிட்ட?" என்று கேட்டாள். பிறகு துணி மடித்துக்கொண்டே, "நான் நல்லா வெளுத்ததால அவ வேலை போச்சா?" என்றாள். இல்லை என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். நீயும் ஒரு தடவை சொல்.

நீ கோட்டின் கையை வெட்டிக் கொடுத்ததைச் சொன்னதும் எழுந்து உள்ளே போனாள். இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. அவளுடைய வெள்ளைச் சால்வை, அதே தூளில் துவைத்தது. "ஆய்வகத்துக்குப் போட்டுக்கிட்டுப் போகக் கூடாதுன்னு எழுது, வீட்டுல போத்திக்கச் சொல்லு" என்றாள். எழுதிவிட்டேன்.

உனக்கு ஊதா விளக்கைக் காட்டிப் பார்க்கத் தோன்றும், எனக்குத் தெரியும். பார்த்துக்கொள். எண்ண மட்டும் செய்யாதே.

உன் அண்ணன்